சர்வர் மாற்றமும் சங்கக் கணக்கும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செல்வம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இரும்புப் பெட்டியில் என்று சிலரும், நூல் கிடங்கில் என்று சிலரும் விடை கூறுவர். ஆயினும், பெட்டியில் உள்ள பணமும் கிடங்கில் உள்ள நூலும் யாருக்கு எவ்வளவு உரியவை என்பதைக் கணக்கு ஒன்றே சொல்லும். நெசவாளர் பெற்ற நூல் எவ்வளவு, நெய்து கொடுத்த சேலைகள் எத்தனை, கூலியில் சேமிப்பு நிதிக்குப் பிடித்தது எவ்வளவு. விவசாயி வாங்கிய பயிர்க்கடன் எவ்வளவு, அதன் தவணை என்று, அவர் ஈடு வைத்த நகையின் எடை என்ன — இவையெல்லாம் கணக்கில் ஏறியிருந்தால்தான் அங்கத்தினர் தம் உரிமையை நிலைநாட்ட முடியும்.

முற்காலத்தில் இக்கணக்குகள் தடித்த பேரேடுகளில் எழுதப்பெற்றன. கரையான் அரியாமலும் மழை நனையாமலும் அவற்றைக் காப்பது குமாஸ்தாவின் கடமையாக இருந்தது. இன்று பல சங்கங்களில் அப்பேரேடுகள், அலுவலகத்தின் ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் தலைமைக் கணினி ஒன்றினுள் புகுந்துவிட்டன. சர்வர் என்று நாம் வழங்கும் இயந்திரம் அதுவே. மேசைகளில் உள்ள மற்றக் கணினிகள் அதனிடம் கேட்டே விவரம் பெறுகின்றன. ரசீது போடுவதும் அதனைக் கொண்டே.

தறிக்கட்டைக்கு வயது உண்டு. இறைப்பு மோட்டாருக்கும் வயது உண்டு. சர்வருக்கும் அவ்வாறே. அதனுள் சுழலும் வட்டு தேயும், மின்விசிறி நிற்கும், உதிரி பாகம் கிடைக்காது. இயந்திரம் நன்றாக ஓடினாலும், அதனை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு அதைச் செய்தவர்கள் அளிக்கும் ஆதரவு ஒரு நாள் முடிந்துவிடும். பரவலாகப் பயன்பட்ட விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 என்னும் பதிப்புக்குப் பொது ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கு 2023 அக்டோபர் 10ஆம் தேதியும் முடிவடைந்தன. ஆகவே, கணக்கைப் பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்குக் கொண்டு செல்லும் நாள் ஒவ்வொரு சங்கத்திற்கும் வந்தே தீரும். அந்த நாளை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை நிர்வாக சபையினர் மட்டுமன்றிச் சாதாரண அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

இரு வழிகள்

இடமாற்றத்திற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, புதிய இயந்திரத்தில் எல்லா மென்பொருள்களையும் புதிதாக நிறுவிக்கொண்டு, கணக்கு விவரங்களை மட்டும் எடுத்துச் சென்று சேர்ப்பது. பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நூலை இழை இழையாகப் பிணைப்பதைப் போன்றது இது. நேரம் பிடிக்கும், ஆனால் பழைய குப்பை உடன் வராது.

இரண்டாவது, பழைய சர்வர் முழுவதையும், அதாவது அடிப்படை மென்பொருள், கணக்கு மென்பொருள், பயனாளர் பெயர்கள், கோப்புகள் ஆகிய அனைத்தையும், அப்படியே ஒரு பிம்பமாகப் படி எடுத்து, அந்தப் படியைப் புதிய இயந்திரத்தில் மீட்டமைப்பது. பாவு கட்டியபடியே தறியைப் பெயர்த்து வேறு வீட்டில் நாட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம். விரைவில் முடியும், ஊழியர்கள் மறுநாள் காலையில் பழகிய திரையையே காண்பர்.

இரண்டாம் வழி எளிதாகத் தோன்றினாலும் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வீட்டின் உத்தரம் தறிக்குப் பொருந்த வேண்டுமல்லவா? பழைய இயந்திரத்தின் வட்டுகளை இயக்கிய சிறு மென்பொருள்கள் புதிய இயந்திரத்தின் வட்டுகளை அறியாமல் போகலாம். அப்போது மீட்டமைத்த சர்வர் கண் விழிக்காது. பழைய இயந்திரம் பயாஸ் என்னும் முறையிலும், புதியது யு.ஈ.எஃப்.ஐ. என்னும் முறையிலும் தொடங்குமாயின் இதே தொல்லை நேரும். புதிய வட்டின் கொள்ளளவு பழையதைவிடக் குறைவாக இருந்தால், பல காப்பு மென்பொருள்கள் மீட்டமைக்கவே மறுக்கும். இயந்திரத்தோடு சேர்த்து விற்கப்பட்ட மென்பொருள் உரிமம் பெரும்பாலும் அந்த இயந்திரத்திற்கே உரியது. அதை வேறொன்றில் பயன்படுத்த விதி இடம் கொடாது. இவற்றை ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் விடை பெற வேண்டும்.

மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். ஆதரவு முடிந்த பழைய மென்பொருளைப் பிம்பமாக எடுத்துப் புது இயந்திரத்தில் வைத்தால், இயந்திரம் புதிதாகுமேயன்றி மென்பொருள் புதிதாகிவிடாது. பாதுகாப்புக் குறைகள் யாவும் உடன் வரும். அத்தகைய சங்கங்களுக்கு முதல் வழியே ஏற்றது.

படி எடுப்பதில் கவனம்

எந்த வழியைப் பின்பற்றினாலும் காரியத்தின் உயிர்நிலை காப்புப் படியில் இருக்கிறது. பேக்கப் என்று அலுவலகங்களில் வழங்குவது இதனையே.

கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை வெறுமனே நகல் எடுத்தல் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டைப் பாதியில் படம் பிடித்தால், பற்றுப் பக்கம் பதிந்திருக்கும், வரவுப் பக்கம் பதிந்திராது. ஆதலின், அம்மென்பொருளிலேயே உள்ள காப்பு வசதியைக் கொண்டோ, அதனை முறைப்படி நிறுத்திவிட்டோதான் படி எடுக்க வேண்டும். பதிப்பையும் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரின் புதிய பதிப்பில் எடுத்த காப்புப் படியை அதன் பழைய பதிப்பில் மீட்க இயலாது.

அடுத்து, கணக்கோடு சேர்ந்து வரவேண்டியவற்றை ஒரு பட்டியலாக எழுத வேண்டும். ரசீதும் பாஸ் புத்தகமும் அச்சிடும் படிவங்கள், அங்கத்தினரின் கையொப்பப் படங்கள், நகை ஈட்டுப் புகைப்படங்கள், தமிழ் எழுத்துருக்கள், யார் எதைப் பார்க்கலாம் என்னும் அனுமதிகள், மென்பொருள் உரிமங்கள் ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் மறுநாள் காலையில்தான் தெரியும். அப்போது வாசலில் வரிசை நிற்கும்.

எத்தனை படிகள் வேண்டும் என்பதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்றொரு விதி உலகெங்கும் வழங்குகிறது. மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள். இரு வேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று அலுவலகத்திற்கு வெளியே. பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தம் தொழிலுக்கென எழுதிப் பரப்பிய விதி இது. சங்கங்களுக்கும் நன்கு பொருந்துகிறது. வெளியே வைக்கும் படியைச் சங்கேதக் குறியிட்டுப் பூட்ட வேண்டும். அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டு, இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரே ஊழியரின் நினைவில் மட்டும் கடவுச்சொல் தங்கியிருப்பது பெரும் அபாயம்.

முளைக்குமா என்று பார்த்தல்

விதை நெல்லைக் கோட்டை கட்டி வைத்த விவசாயி, விதைக்கு முன் நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்க்கிறார். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது நூற்றுக்கு எண்பது முளைக்க வேண்டும் என்பது விதி. காப்புப் படி சங்கத்தின் விதை நெல். அதையும் முளைக்க வைத்துப் பார்க்க வேண்டும். இங்கோ நூற்றுக்கு எண்பது போதாது. நூற்றுக்கு நூறும் வேண்டும்.

இதனை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி நடந்தது. மென்பொருள் எழுதுவோர் தம் வேலைகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், இரவு வேளையில் கோளாறு ஒன்றைச் சரி செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் அழிப்பதாக எண்ணித் தலைமைச் சர்வரின் விவரங்களை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் அவர் நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட் அளவு போய்விட்டது. காப்புப் படியைத் தேடினார்கள். வைத்திருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. படி எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால், படி எடுக்கும் வேலை தோல்வியுற்றே வந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்திருந்த படி ஒன்றினாலேயே நிறுவனம் பிழைத்தது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான ஏறக்குறைய 5,000 வேலைத் தொகுப்புகளும், 5,000 குறிப்புகளும், 700 பயனாளர் கணக்குகளும் மீளவில்லை. நடந்ததை அந்நிறுவனம் மறைக்காமல் உலகறிய வெளியிட்டது. அதனால் பிறர் பாடம் கற்க முடிந்தது.

தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்திலேயே இவ்வாறு நேருமாயின், ஒரே கணினி உதவியாளரைக் கொண்ட சங்கம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! திரையில் பச்சை நிறத்தில் வெற்றி என்று காட்டுவதை மட்டும் நம்புதல் தகாது. வேறொரு கணினியில் படியை மீட்டமைத்து, மென்பொருளைத் திறந்து, ஏதேனும் ஓர் அங்கத்தினரின் கணக்கை வாசித்துப் பார்த்த பிறகே அதனைக் காப்புப் படி என்று ஒப்புக்கொள்ளலாம்.

விவரம் மட்டும் போதாது

மற்றொரு நிகழ்ச்சி பிரிட்டனைச் சேர்ந்தது. டி.எஸ்.பி. என்னும் வங்கி, தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய கணினி அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு 2018 ஏப்ரல் மாதத்தில் ஒரு வார இறுதியில் மாற்றியது. விவரங்கள் ஒழுங்காகவே இடம் பெயர்ந்தன. ஆனால் புதிய அமைப்பு பளுவைத் தாங்கவில்லை. கிளைகளிலும், தொலைபேசியிலும், இணையத்திலும் சேவை குலைந்தது. பணம் இருந்தும் பலர் அதனை எடுக்க முடியாமல் தவித்தனர். நிலைமை முழுதும் சீராக அவ்வாண்டு டிசம்பர் வரை ஆயிற்று. வாடிக்கையாளருக்கு வங்கி ஈடாகக் கொடுத்த தொகை 3 கோடியே 27 லட்சம் பவுன். 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன். மாற்றத்திற்கு முன் பளுச் சோதனை, இரு தரவு மையங்களுள் ஒன்றில் மட்டுமே நடத்தப்பட்டது என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. கணக்கு நலமாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. கூலி நாளில் எல்லா மேசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வேலை நடக்குமா என்று வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பொறுப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம் என்று நிர்வாகம் கையை விரிக்க முடியாது. வெளி நிறுவனத்தின் வேலையைத் தக்கபடி மேற்பார்வையிடத் தவறியமைக்காக அவ்வங்கியின் அந்நாளைய தலைமைத் தகவல் அதிகாரிக்கு 2023இல் 81,620 பவுன் தனி அபராதம் விதிக்கப்பட்டது.

மாற்றும் நாள்

நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. கூலி பட்டுவாடா நாள், மாதக் கடைசி, பயிர்க்கடன் வழங்கும் பருவம், தீபாவளி விற்பனைக் காலம் ஆகியவற்றைத் தவிர்த்து, அடுத்து ஒரு விடுமுறை நாள் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதிவிட வேண்டும். மின்சாரம் போனாலும் வேலை நிற்காதபடி யு.பி.எஸ். கருவியின் மின்கலங்களைச் சோதிக்க வேண்டும்.

குறித்த நாளில் வரவு செலவை முடித்து, ரொக்கப் புத்தகத்தை மூடிய பின்னர், இருப்பாய்வுப் பட்டியலையும், அங்கத்தினர் வாரியான பங்கு, கடன், சேமிப்பு இருப்புகளையும், நூல் மற்றும் ஜவுளி இருப்பையும் காகிதத்தில் அச்சிட்டுக் காரியதரிசியும் தலைவரும் கையொப்பமிட வேண்டும். இக்காகிதமே பின்னர் சாட்சி சொல்லப்போவது. அதன் பின்னரே இறுதிக் காப்புப் படி எடுக்க வேண்டும். அந்தக் கணம் முதல் பழைய சர்வரில் ஒரு ரசீதுகூடப் போடக்கூடாது. போட்டால் அது புதிய சர்வருக்கு வந்து சேராது.

பிறகு பழைய சர்வரின் வலைக்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பிம்பமாக மீட்டமைத்த புதிய சர்வர் பழையதன் பெயரையும் முகவரியையுமே தாங்கி வரும். ஒரே பெயரில் இருவர் ஒரே வீட்டில் இருந்தால் கடிதம் யாரிடம் போகும்? சில மேசைகள் பழையதிலும் சில புதியதிலும் எழுதத் தொடங்கினால், கணக்கு இரண்டாகப் பிளந்துவிடும்.

மீட்டமைத்தல் முடிந்ததும் புதிய சர்வரிலிருந்து அதே பட்டியல்களை மீண்டும் அச்சிட்டு, முன்னைய காகிதத்தோடு வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். அங்கத்தினர் எண்ணிக்கை, மொத்தத் தொகை, இருப்பாய்வு ஆகிய மூன்றும் ஒரு பைசா வேறுபாடின்றிப் பொருந்துதல் அவசியம். மொத்தம் சரியாக இருந்தும் தனிக் கணக்குகள் இடம் மாறியிருக்கக் கூடுமாதலின், இருபது அங்கத்தினரின் பாஸ் புத்தகங்களைப் பெற்று நேரில் ஒப்பிடுவது நன்று. சோதனை ரசீது ஒன்றை அச்சிட்டுப் பார்த்து ரத்து செய்ய வேண்டும்.

பின்வாங்கும் நேரத்தையும் முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும். ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் கணக்கு ஒத்துவராவிடில் பழைய சர்வரையே மீண்டும் இணைப்பது என்று தீர்மானம் எழுதி வைத்திருந்தால், அகால வேளையில் களைத்த நிலையில் அவசர முடிவு எடுக்க நேராது. அவ்வாறு பின்வாங்க வேண்டுமாயின் பழைய சர்வர் தொடப்படாமல் இருத்தல் வேண்டும். ஆதலின், ஒரு மாத முடிவுக் கணக்கும் ஒரு தணிக்கையும் புதியதில் நிறைவேறும்வரை, பழைய இயந்திரத்தைக் கழித்துக் கட்டவோ வேறு வேலைக்குக் கொடுக்கவோ கூடாது.

மாற்றத்திற்குப் பின்

புதிய சர்வர் வந்த மகிழ்ச்சியில் மறக்கப்படுவது, அன்றாடக் காப்புப் படி. பழையதில் ஏற்பாடு செய்திருந்த படி எடுக்கும் வேலை, புதியதில் தானே தொடரும் என்று கருதுதல் தவறு. முதல் வாரத்திலேயே புதியதில் எடுத்த படியை முளைக்க வைத்துச் சோதிக்க வேண்டும். அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அவ்வாறு செய்து, தேதியையும் சோதித்தவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பழைய வட்டுகளைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவது பெருந்தவறு. அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, நகை விவரம் யாவும் அவற்றில் இருக்கும். அவற்றை முறைப்படி துடைத்தோ, நிர்வாக சபையார் முன்னிலையில் உடைத்தோ ஒழிக்க வேண்டும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்கிப் பொது மென்பொருள் ஒன்றில் இணைக்கும் திட்டத்திற்கு 2022 ஜூன் 29ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 2,516 கோடி ரூபாய். அத்தகைய பெரிய இடமாற்றத்திலும் சிறு நெசவாளர் சங்கத்தின் ஒரே சர்வர் மாற்றத்திலும் அடிப்படை ஒன்றே: பழைய இருப்பும் புதிய இருப்பும் ஒத்திருக்கின்றன என்று காகிதத்தில் கையொப்பமிட்டுச் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

அங்கத்தினர்கள் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். தங்கள் சங்கம் சர்வரை மாற்ற எண்ணியிருப்பதாக அறிந்தால், பொதுச் சபையில் எழுந்து மூன்று கேள்விகள் கேட்கலாம். காப்புப் படியை மீட்டமைத்துச் சோதித்தீர்களா? எந்தத் தேதியில், யார் முன்னிலையில்? கணக்கு ஒத்துவராவிடில் பழையதற்குத் திரும்ப ஏற்பாடு உண்டா? இவற்றிற்குத் தெளிவான விடை தரும் நிர்வாகத்திடம் கணக்கு பத்திரமாக இருக்கும். விடை வராவிடில், வரும்வரை மாற்றத்தை ஒத்தி வைக்கும்படி தீர்மானம் கொண்டுவருவது அங்கத்தினரின் உரிமை, கடமையும் ஆகும். தங்கள் பாஸ் புத்தகங்களை மாற்றத்திற்கு முன்னும் பின்னும் பதிவு செய்து வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதை அனைவரும் வழக்கமாகக் கொள்வார்களாக.